கண்காணிப்பில் உள்ளோரின் போதைப் பழக்கமும் அதிகாரிகளுக்கான பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்கும் குருணுக்கும் இடையே பழைய முதன்மைச் சாலையை ஒட்டியுள்ள பீடோங்கில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எஞ்சியவற்றில் பெரும்பாலும் ரப்பர் போய்ச் செம்பனை நிற்கிறது. போதைப் பழக்கம் தொடர்பாக நீதிமன்றம் ஏறி, இப்போது ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் காலம் கழிக்கும் தமிழர்கள் இவ்வட்டாரத்திலும் உள்ளனர். அவர்களைக் கண்காணிக்கும் அதிகாரிகளும் உதவும் தொண்டூழியர்களும் குடும்பத்தினரும் பயிற்சி வகுப்புகளிலும் வெளியிலும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஆலோசகராகவும் பயிற்றுநராகவும் எழுதுகிறேன். சட்டம் பற்றிய பகுதிகளை வழக்கறிஞரின் ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம்.

கண்காணிப்பில் உள்ளவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

ஒரே வகையினரை அல்ல. 1983-ஆம் ஆண்டு போதைப் பித்தர் (சிகிச்சை, மறுவாழ்வு) சட்டத்தின் 6-ஆம் பிரிவின் கீழ், மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்தவரும் உண்டு; மையத்துக்கு அனுப்பப்படாமல் வீட்டில் இருந்தபடியே கண்காணிக்கப்படுபவரும் உண்டு. 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் போதைப்பொருள் உட்கொண்டதற்காகத் தண்டிக்கப்பட்டவர், தண்டனை முடிந்ததும் அதே சட்டத்தின் 38பி பிரிவின்படி கண்காணிப்புக்குள் வருகிறார். இவ்விரு வகையினரையும் பார்ப்பது தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம், அதாவது ஏஏடிகே. அலுவலக வழக்கில் இவர்கள் 'ஓகேபி'.

2008-இல் சிறைச்சாலைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வந்த பரோல் முறையில் வெளிவந்தவர்கள் பரோல் அதிகாரியின் கீழ் இருக்கிறார்கள். 1954-ஆம் ஆண்டுக் கட்டாய வருகைச் சட்டத்தின் கீழ், சிறைக்குப் பதிலாகச் சமூகப் பணி செய்பவர்கள் இன்னொரு வகை. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி சமூகநலத் துறையின் நன்னடத்தை அதிகாரி இருக்கிறார். துறைகள் வேறு, படிவங்கள் வேறு. வீட்டில் உள்ளவர்களுக்கோ எல்லாரும் 'ஆபீசர்'தான். ஒரு குடும்பத்தில் தகப்பன் ஒரு துறையின் கீழும் மகன் இன்னொரு துறையின் கீழும் இருந்தால், அவ்விரு அதிகாரிகளும் ஒருவரையொருவர் அறியாமலே இருப்பதுண்டு. பயிற்சியில் இத்துறையினரை ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

1983-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நாடாளுமன்றம் 2024-இல் விரிவான திருத்தத்தை நிறைவேற்றியது. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு பாடம் நடத்துபவர்கள் அதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சட்டம் தெரிந்த அதிகாரிக்கு இதற்கென்று தனிப் பயிற்சி எதற்கு? சிறுநீர்ச் சோதனையும் கையெழுத்தும் போதாதா?

போதாது. ஏன் என்பதற்குக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு நல்ல விடை தருகிறது. ஜேம்ஸ் போன்டாவும் அவருடைய குழுவினரும் மானிடோபா மாநிலத்தில் நன்னடத்தை அதிகாரிகள் தம் கண்காணிப்பில் உள்ளவர்களைச் சந்தித்தபோது நடந்த உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். அடைத்த அறைக்குள் உண்மையில் என்ன பேசப்படுகிறது என்பது அதுவரை யாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. குற்றத்துக்கு இட்டுச் செல்லும் காரணங்களை, அதாவது போதை, கூட்டாளிகள், எண்ணப்போக்கு ஆகியவற்றை, அதிகாரிகள் மேலோட்டமாகத்தான் தொட்டிருந்தார்கள். நிபந்தனைகளைப் பற்றிப் பேசுவதிலேயே நீண்ட நேரம் போன சந்திப்புகளுக்கு உள்ளானவர்கள் மீண்டும் குற்றம் புரிவது அதிகமாக இருந்தது. இந்த ஆய்வின் அடிப்படையில் அங்கு அதிகாரிகளுக்கென ஒரு பயிற்சித் திட்டமே உருவாயிற்று.

நம் ஊரில் ஓர் அதிகாரியின் மேசையைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பதிவேடு, சிறுநீர்க் குப்பி, சோதனைப் பட்டை, முத்திரை, வெளியே பெஞ்சில் காத்திருக்கும் வரிசை. ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நேரத்தைப் பதிவேடே விழுங்கிவிட்டால், இரண்டு ஆண்டுக் கண்காணிப்பு என்பது இரண்டு ஆண்டுக் கையெழுத்தாக முடிந்துபோகும். பயிற்சியின் நோக்கம் அதிகாரியை மருத்துவராக்குவதோ சமயப் போதகராக்குவதோ அன்று; அந்தச் சில நிமிடங்களைப் பயனுள்ளதாக்குவதுதான்.

சோதனை 'பாசிட்டிவ்' என்று காட்டினால் அதிகாரி என்ன செய்ய வேண்டும்?

முதலில், சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும். சியாபு எனப்படும் மெத்தம்பெட்டமின் பொதுவாக இரண்டு முதல் நான்கு நாள் வரையிலும், ஹெராயின் இரண்டு மூன்று நாள் வரையிலும் சிறுநீரில் தெரியும். கஞ்சாவை அன்றாடம் புகைத்தவருக்கு ஒரு மாதம் வரைகூடத் தெரியலாம். ஆகவே, கஞ்சாவை நிறுத்திப் பத்து நாள் ஆனவர் பொய் சொல்கிறார் என்று பட்டையை வைத்து முடிவு கட்ட முடியாது. திங்கட்கிழமை சோதனை என்று முன்கூட்டியே தெரிந்தவர் வெள்ளிக்கிழமைக்குள் நிறுத்திக்கொண்டு தப்பவும் முடியும். கோடீன் கலந்த இருமல் மருந்து, சில சளி மாத்திரைகள், ஏன், குருமாவில் அரைத்து ஊற்றிய கசகசாகூட முதற்கட்டப் பட்டையில் 'பாசிட்டிவ்' என்று காட்டலாம். போதைக்காகக் குடிக்கும் கெத்தும் இலை நீரை வழக்கமான ஓபியப் பட்டை கண்டுபிடிக்காது, சம்சு எனப்படும் மலிவு மதுவையும் கண்டுபிடிக்காது. இதனால்தான் ஆய்வகத்தின் உறுதிச் சோதனை தேவைப்படுகிறது. அந்த முடிவு வருமுன் ஒருவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவது சட்டப்படியும் தவறு, உறவையும் கெடுக்கும்.

இரண்டாவது, பேச்சு. வகுப்பில் நாங்கள் நடித்துக் காட்டும் இரண்டு உரையாடல்களைத் தருகிறேன். அதிகாரி இளையவர், எதிரே இருப்பவர் நாற்பதைக் கடந்த, செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி.

"மறுபடியும் பாசிட்டிவ். போன மாசம் என்ன சொன்னேன்? குடும்பம் இருக்கிறது ஞாபகம் இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"இனிமே செய்வீங்களா?"

"இல்ல சார்."

"கையெழுத்துப் போடுங்க."

இதில் பொய்யைத் தவிர வேறு எதையும் சொல்ல அவருக்கு வழி இல்லை. இனி இரண்டாவது:

"அண்ணே, பட்டையில சியாபு காட்டுது. இத நான் பதிஞ்சுதான் ஆகணும், மறைக்க மாட்டேன். அதுக்கு முன்னாடி, இந்த வாரம் எப்படிப் போச்சுன்னு சொல்லுங்க."

"சம்பளம் போட்டாங்க சார். அன்னைக்கு ராத்திரி ஒரு தடவதான்."

"சம்பளத்தன்னைக்கு. மத்த நாள்ல இல்ல."

"மத்த நாள்ல வேல முடிஞ்சு வந்தா படுத்துருவேன். கையில காசு இருந்தாத்தான் அவனுங்க தேடி வருவானுங்க."

"அடுத்த சம்பளத்துக்கு என்ன செய்யலாம்னு நெனைக்கிறீங்க?"

"பேங்க் கார்ட வீட்டுல குடுத்துறலாமான்னு யோசிச்சேன் சார்."

இரண்டாவது உரையாடலுக்குக் கூடுதலாக ஆன நேரம் மிகக் குறைவு. பதிவு செய்யும் கடமை அப்படியே இருக்கிறது. அதை அதிகாரி முதலிலேயே சொல்லியும் விட்டார். ஆனால் ஆபத்து எந்த நாளில், யார் மூலமாக வருகிறது என்பது தெரிந்துவிட்டது. அதற்கான யோசனையும் அவர் வாயிலிருந்தே வந்தது. வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பதால், தோட்டத்து ஓகேபிக்கு மாதத்தின் முதல் வாரமே மிக ஆபத்தான வாரம் என்று ஊகிப்பது கடினமன்று. நாள்காட்டியைப் பார்த்து அந்த வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு விடுப்பதற்கு எந்த ஒதுக்கீடும் தேவையில்லை.

இப்படித் தணிந்து பேசுவது சலுகை காட்டுவதாகாதா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் அனுபவமுள்ள அதிகாரிகள்தான் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். மேலே காட்டிய பேச்சுமுறை, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதிய ஒரு கட்டுரையில் தொடங்கி, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த ஊக்க நேர்காணல் முறையின் ஓர் எளிய வடிவம். மாற வேண்டிய காரணத்தை அதிகாரி எவ்வளவு வாதாடுகிறாரோ, அவ்வளவுக்கு எதிரே உள்ளவர் மாறாமல் இருப்பதற்கான காரணங்களைத் தேடுவார் என்பதே அதன் அடிப்படைக் கவனிப்பு. எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தகப்பனாக இருந்தவர் எவருக்கும் இது புதிதாக இருக்காது.

சலுகை என்ற சந்தேகத்துக்கு இன்னொரு விடையும் உண்டு. ஜெனிஃபர் ஸ்கீமும் அவருடைய குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கண்காணிக்கும் அதிகாரியின் உறவில் அக்கறையும் நியாயமும் நம்பகமும் இருந்தபோது நிபந்தனை மீறல் குறைவாகவும், வெறும் கடுமை மேலோங்கியபோது அதிகமாகவும் இருந்ததைக் கண்டார்கள். நியாயம் என்பதில் உறுதியும் அடக்கம். சொன்னதைச் செய்யாத அதிகாரியை யாரும் மதிப்பதில்லை. 'இதை நான் பதிந்தாக வேண்டும்' என்று தொடக்கத்திலேயே சொல்வது அதனால்தான்.

ஒரு தவறுக்கு உடனே கடுமையான தண்டனை கொடுத்தால் நின்றுவிடாதா?

ஹவாயில் நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் 2004-இல் தொடங்கிய திட்டம் இதை முயன்று பார்த்தது: அடிக்கடி சோதனை, ஒவ்வொரு மீறலுக்கும் உடனடியாக, ஆனால் சில நாளே நீடிக்கும் சிறை. தொடக்க முடிவுகள் நம்பிக்கை அளித்தன. பின்னர் அமெரிக்காவின் வேறு நான்கு இடங்களில் அதையே செய்து பார்த்தபோது, 2016-இல் வெளியான முடிவுகளின்படி, வழக்கமான கண்காணிப்பைவிட அது மேலானதாக இல்லை. உடனடியாகவும் ஒரே சீராகவும் நடந்துகொள்வது நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. சிகிச்சைக்கான கதவு திறக்காதபோது அது மட்டும் போதவில்லை என்பதே இதில் நான் காண்பது.

நம் சட்டத்தில் நிபந்தனை மீறலுக்குச் சிறையும் பிரம்படியும்கூட உண்டு. எதிரே இருப்பவருக்கு அது தெரியும். அதை ஒவ்வொரு சந்திப்பிலும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒருமுறை பயன்படுத்தியதையும், தலைமறைவாகிப் பழைய கூட்டத்தோடு சேர்ந்ததையும் ஒரே தட்டில் வைக்காமல், கூடுதல் சந்திப்பு, மருத்துவப் பரிந்துரை, எழுத்துப்பூர்வ எச்சரிக்கை, பிறகு வழக்கு என்று படிப்படியாகப் போவதற்கு ஒவ்வோர் அலுவலகமும் தன் அதிகார எல்லைக்குள் ஓர் அட்டவணை வைத்திருக்க வேண்டும். அது சுவரில் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது; அதிகாரி மாறினாலும் விதி மாறாது.

இரண்டு நாள் பட்டறை நடத்தினால் போதுமா?

சான்றிதழுக்குப் போதும். திறமைக்குப் போதாது. ரப்பர் பால் வெட்டப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள்: கத்தியை எப்படிப் பிடிப்பது என்று ஒரு காலை நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்; பட்டையை மட்டும் சீவி, மரத்தில் காயம் படாமல் வெட்டும் கை வருவதற்கு, பக்கத்தில் நின்று ஒருவர் வெட்டைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மில்லரின் குழுவினரே 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: பட்டறைக்கு மட்டும் வந்தவர்களைவிட, பின்னர் தம் உரையாடல்களை அனுப்பி, கருத்தும் வழிகாட்டலும் பெற்றவர்களே கற்றதைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

ஆகவே பயிற்சித் திட்டம் வரையும்போது பணத்தையும் நேரத்தையும் ஹோட்டல் மண்டபத்துக்கும் பகல் உணவுக்கும் செலவழித்துத் தீர்க்காமல், பட்டறைக்குப் பிந்திய ஆறு மாதத்துக்கு மிச்சம் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை நான்கைந்து அதிகாரிகள் உட்கார்ந்து, ஒருவர் தாம் நடத்திய ஒரு சந்திப்பை, பெயரும் அடையாளமும் இன்றி, சொல்லிக் காட்ட, மற்றவர்கள் எங்கே கதவு திறந்தது, எங்கே மூடியது என்று சுட்டினாலே போதுமானது. ஒலிப்பதிவு செய்வதானால் சம்பந்தப்பட்டவரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் துறையின் அனுமதியும் கட்டாயம்.

அலுவலகத் தலைவரும் இதில் கலந்துகொள்ள வேண்டும். கீழே உள்ளவர் பேச்சுமுறையை மாற்ற, மேலே உள்ளவர் மாத இறுதியில் எத்தனை கையெழுத்து, எத்தனை குப்பி என்று மட்டும் கேட்டால், மூன்றாம் மாதமே எல்லாம் பழையபடி ஆகிவிடும். இது நான் பலமுறை கண்ட கதை.

யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை அதிகாரி எப்படி அறிவது?

உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'அசிஸ்ட்' என்ற எட்டுக் கேள்விப் படிவத்தை, முறையாகப் பழகிய எந்த அதிகாரியும் பயன்படுத்தலாம். மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. புகையிலை முதல் ஓபியம் வரை ஒவ்வொரு பொருளுக்கும் தனி மதிப்பெண் வருகிறது. போதைப்பொருளில் 4 முதல் 26 வரை நடுத்தர ஆபத்து, 27-உம் அதற்கு மேலும் உயர் ஆபத்து. மதுவுக்கு மட்டும் நடுத்தர ஆபத்து 11-இல் தொடங்குகிறது. நடுத்தரத்தில் உள்ளவருக்கு அதே இருக்கையில் சுருக்கமான ஆலோசனையும், உயர்ந்த நிலையில் உள்ளவருக்கு மருத்துவப் பரிந்துரையும் என்பது பொது வழி.

ஒன்றை மறக்கக் கூடாது. பதில்கள் வழக்குக் கோப்பில் சேருமா என்பதை முன்கூட்டியே சொல்லாமல் இப்படிவத்தை நீட்டினால், எட்டுக்கும் 'இல்லை' என்றே விடை வரும்.

ஆபத்துக் குறைந்தவரை அளவுக்கு மீறிக் கண்காணிப்பது அவருக்குத் தீங்காகவும் முடியலாம். வேலையிலிருந்து அடிக்கடி இழுத்து, ஆபத்து மிகுந்தவர்களோடு ஒரே பெஞ்சில் மணிக்கணக்கில் உட்கார வைத்தால், புதிய தொடர்புகளை அலுவலகமே ஏற்படுத்திக் கொடுத்தது போலாகும்.

சம்சுவும் கள்ளும் போதைப்பொருள் சட்டத்தில் இல்லையே. அதைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

தோட்டப்புறத்தில் அதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் ஆர். எச். நாதன் தலைமையில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947-இல் இதே பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டு, போலீசாருடன் மோதல் வரை போனது. வெள்ளைக்காரத் துரையும் கடைக்காரரும் சம்பாதிக்க, கூலி அதே தோட்டத்தில் கரைந்துபோவதை நம் பாட்டன்மார்களே கண்டு கொதித்தார்கள். இன்று கள்ளுக்கடை மறைந்து, அந்த இடத்தை மலிவான புட்டிச் சரக்கு பிடித்துக்கொண்டது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் என்ற நச்சு கலந்த மலிவு மதுவால் 30-க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

அதிகாரிக்கு இது ஏன் வேண்டும் என்றால், சியாபுவை விட்டவர் குடிக்கு மாறிவிட்டால் சோதனைப் பட்டை சுத்தமாக இருக்கும். கோப்பில் அவர் வெற்றியாளர், வீட்டில் அடிதடி. அதைவிட முக்கியமான காரணம் உயிர். பல ஆண்டு அன்றாடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளில் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாளுக்குள் நடுக்கமும் பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் ஏற்பட்டு, சிகிச்சை இல்லாவிட்டால் இறக்கவும் கூடும். லாக்காப்பில் வெள்ளிக்கிழமை அடைக்கப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தினால், அது நடிப்பு அன்று. பேய் பிடித்ததும் அன்று. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மங்கலான பார்வை, மூச்சு வாங்குதல், வாந்தி மூன்றும் சேர்ந்து வந்தால் மெத்தனாலை நினைக்க வேண்டும். லாக்காப் பணியாளர்களுக்கான பயிற்சியில் வேறு எதைக் குறைத்தாலும் இந்த அரை மணி நேரத்தைக் குறைக்கக் கூடாது.

சியாபுவுக்கு மருந்து உண்டா?

ஹெராயினுக்கு மெத்தடோன் இருப்பது போல, சியாபுவுக்கென்று நிலைநாட்டப்பட்ட மாற்று மருந்து இல்லை. சிறு வெகுமதிகளைப் படிப்படியாக வழங்கும் முறைக்கும் சிந்தனை, நடத்தை சார்ந்த ஆலோசனைக்கும் நல்ல சான்றுகள் உள்ளன. வெகுமதி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம்: தொடர்ந்து சுத்தமான சோதனை காட்டியவருக்கு அடுத்த சந்திப்பை வேலை நேரத்துக்கு வெளியே மாற்றித் தருவதும் வெகுமதியே. நிறுத்திய முதல் நாள்களில் அவர் அளவுக்கு மீறித் தூங்குவார், எரிந்து விழுவார், வாழ்வே வேண்டாம் என்றும் பேசக்கூடும். அந்தப் பேச்சைச் சோம்பலென்றோ நாடகமென்றோ தள்ளக் கூடாது. நேராகக் கேட்டு, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 'தாலியான் காசே' என்ற அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையின் 15999 எண்ணைக் குடும்பத்திடம் கொடுத்து வைப்பது நல்லது.

மெத்தடோன் கொடுப்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே?

மலேசியாவில் மெத்தடோன் சிகிச்சை 2005-இல் தொடங்கியது. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனமும் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சரியான அளவில் குடிப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை. வேலைக்குப் போகிறார், ஊசி பகிர்வதில்லை. பலருக்கு அன்றாடம் 60 முதல் 120 மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது. 'சீக்கிரம் குறைத்துக்கொண்டு வா' என்று அதிகாரி அவசரப்படுத்துவது மருத்துவரின் வேலையில் கைவைப்பதாகும். அளவு குறைந்த வாரத்தில் ஹெராயின் திரும்பி வரும். மெத்தடோன் வழக்கமான மார்ஃபின் பட்டையில் தெரிவதில்லை. எனவே பட்டையில் மார்ஃபின் காட்டினால் அதற்கு மெத்தடோனைக் காரணம் சொல்லவும் முடியாது.

தோட்ட ஊரில் உண்மையான சிக்கல் கடிகாரம். விடியும்போதே பெரட்டுக் களத்தில் பேர் சொல்ல வேண்டும். கிளினிக் திறப்பதோ அதன் பிறகு. தினமும் ஊழியர் கண்முன் குடிக்க வேண்டிய மருந்து. வேலைக்காட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வரிசையில் நின்று திரும்பினால் பாதி நாள் கூலி போய்விடும். குலைக் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அது அப்படியே நட்டம். இதோடு கையெழுத்துக்கு இன்னொரு நாள் என்றால், எந்த முதலாளியும் அவரை வைத்துக்கொள்ள மாட்டார். வேலை இழந்த ஓகேபியைவிட வேலையில் உள்ள ஓகேபியே எல்லா வகையிலும் பாதுகாப்பானவர். அதிகாரியும் கிளினிக் மருந்தாளுநரும் தொலைபேசியில் பேசி, இரண்டு வருகையையும் ஒரே காலையில் அமைப்பதும், நிலைபெற்றவருக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் அளவை மருத்துவர் பரிசீலிக்குமாறு கேட்பதும் பயிற்சியில் ஒரு முழு அமர்வுக்குத் தகுதியானவை. தோட்ட நிர்வாகியிடம் பேச வேண்டியிருந்தால், சம்பந்தப்பட்டவரின் சம்மதம் முதலில்.

சிறையிலிருந்தோ மையத்திலிருந்தோ வந்தவரை எப்போது சந்திக்க வேண்டும்?

முடிந்தால் அதே வாரத்தில். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வின்படி, வெளிவந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் ஆபத்து அம்மாநிலத்து மற்ற மக்களைப் போல் 12 மடங்குக்கும் மேல். முதன்மைக் காரணம் அளவு மீறிய போதைப்பொருள். உடல் பழக்கத்தை இழந்திருக்கும். மனம் பழைய அளவையே நினைத்திருக்கும். ஹெராயின் பழக்கம் இருந்தவரிடம் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும், சொன்னால் தூண்டிவிட்டதாகாது. உதடு நீலமாகி, மூச்சு குறட்டை போல் இழுத்து, எழுப்பினாலும் எழாவிட்டால் உடனே 999 அழைக்க வேண்டும் என்பது வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சின்ன ஊரில் இரகசியம் காக்க முடியுமா?

சிரமம்தான். துறையின் சின்னம் போட்ட வண்டி லயத்து வீட்டு வாசலில் நின்றால், மாலைப் பூசைக்குள் கோயில் முழுவதும் தெரிந்துவிடும். அந்த வீட்டில் பெண் பார்க்க வருவதாக இருந்திருக்கலாம். சட்டம் வீட்டுக்குப் போகச் சொல்கிறது என்றால் போகத்தான் வேண்டும். சீருடை இல்லாமல், வண்டியைச் சாலையோரக் கடைப் பக்கம் நிறுத்திவிட்டுப் போவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் 'அவர் எங்கே' என்று விசாரிக்கும்போது, தாம் எந்த அலுவலகம் என்பதைச் சொல்லாமல் இருக்கலாம். தொண்டூழியர்களும் கோயில் தலைவர்களும் பயிற்சிக்கு வரும்போது முதலில் கையெழுத்திடுவது இரகசியக் காப்பு உறுதிமொழியில்தான்.

தமிழ் தெரியாத அதிகாரி என்ன செய்வது?

மலாயிலேயே பேசலாம், பெரும்பாலோருக்குப் புரியும். ஆனால் வயதானவர்கள் வெட்கத்தையும் ஏக்கத்தையும் தாய்மொழியில்தான் சொல்வார்கள். மொழிபெயர்க்க மகனையோ மருமகளையோ கூப்பிட வேண்டாம்; அவர்கள்முன் தகப்பன் எதையும் சொல்ல மாட்டார்.

என் மகன் கண்காணிப்பில் இருக்கிறான். நான் அவனை ஆபீசரிடம் காட்டிக்கொடுக்க வேண்டுமா?

தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. அம்மா, உங்களை ஒற்றராக்குவது நல்ல அதிகாரியின் நோக்கமாக இருக்கக் கூடாது. வீட்டில் யாருக்கேனும் ஆபத்து என்றால் தயங்காமல் சொல்லுங்கள். மற்றபடி, மகன் அறிய, அவன் பக்கத்தில் இருக்கும்போதே அதிகாரியிடம் பேசுங்கள். அவன் கடனை அடைக்கப் பணம் கொடுப்பதை நிறுத்தலாம். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். அவன் தானாகவே சிகிச்சை கேட்டுப் போக விரும்பினால் அதற்கும் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 8-ஆம் பிரிவில் வழி உண்டு. ஏஏடிகே அலுவலகத்தில் கேட்கலாம். அதிகாரிகளுக்குச் சொல்வது: வீட்டுக்குப் போனால் அந்த அம்மாவிடமும் பத்து நிமிடம் உட்காருங்கள்.

பயிற்சி பலன் தந்ததா என்று எப்படி அறிவது?

வகுப்பு முடிந்ததும் நிரப்பும் திருப்திப் படிவத்தை நம்பாதீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தாலே அதில் நல்ல மதிப்பெண் விழும். ஆறு மாதம் கழித்து மூன்றைப் பாருங்கள்: மருத்துவத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் முதல் சந்திப்புக்குப் போனார்கள், சந்திப்புக்கு வராமல் போவது குறைந்ததா, சோதனைக்கு முன்னரே 'நான் எடுத்துவிட்டேன்' என்று தாமாகச் சொல்பவர்கள் கூடினார்களா. மூன்றாவது எண்ணிக்கை கூடினால் மேலதிகாரிக்கு அது தோல்வி போலத் தோன்றும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பயிற்சிக்கு வருவோர் எதைக் கொண்டுவர வேண்டும்?

உங்கள் அலுவலகம் தற்போது பயன்படுத்தும் சந்திப்புப் படிவம் ஒன்றை, பெயர்கள் இல்லாமல், வெற்றுப் பிரதியாகக் கொண்டுவாருங்கள். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் மெத்தடோன் வழங்கும் நேரத்தையும், ஆலோசனை தரும் ஊழியரின் அலுவலகத் தொலைபேசி எண்ணையும் விசாரித்து எழுதி வாருங்கள். அந்த எண்ணைக் கேட்டால் பாதி அறை மௌனமாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். உண்மையான கோப்புகளைக் கொண்டுவர வேண்டாம்.